சோறு போடும் வாசலில் அந்தப் பலகை வேண்டாம்

இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். படிக்காமலே கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போக வேண்டாம். யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்பது பின்னூட்டத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். முப்பத்து நான்கு வருடம் சரித்திர விடைத்தாள் திருத்திய கை இது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஜனவரியில் திருவையாற்றில் நம் பள்ளிப் பழைய மாணவர் சந்திப்பு நடக்கப்போகிறது. மகிழ்ச்சி. அதற்காக நம் பிள்ளைகளில் ஒருவர் ஒரு காரியம் செய்திருக்கிறார். கடைத்தெருவில் இருந்த பழைய ஹோட்டல் கட்டடம் கைமாறி இடிக்கப்பட்டபோது, பரணில் கிடந்த எனாமல் பலகை பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கிறது. அதைத் தேடிப்பிடித்து விலை கொடுத்து வாங்கிவிட்டார். நீலத்தில் வெள்ளை எழுத்து. மேலே ஹோட்டலின் பெயர், கீழே 'பிராமணாள் காபி கிளப்'. சந்திப்பு அன்று மதியச் சாப்பாட்டுப் பந்தல் வாசலில் அதை மாட்டப் போகிறார்களாம். எல்லோரும் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

கூடவே ஒரு பதிவும் சுற்றுகிறது. "நம்ம ஊர் பொற்காலம்" என்று தலைப்பு. காவிரித் தண்ணீர், பித்தளை டபரா, முதல் டிகாஷன், தும்பைப்பூ மாதிரி இட்லி. "ஊரே ஒரு குடும்பமாகச் சாப்பிட்ட இடம்" என்று ஒரு வரி. "போராட்டக்காரர்கள் வந்து பலகையைக் கழற்ற வைத்தார்கள், அதோடு ஊரின் ருசி போனது" என்று இன்னொரு வரி. என் தங்கை மகனே இதை எனக்கு அனுப்பி, "பெரியம்மா, உங்க ஊரு!" என்று நான்கு இதயம் போட்டிருந்தான். இதயத்தை நீயே வைத்துக்கொள் தம்பி. பதிலைக் கேள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஹோட்டலின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள்தான். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதலாளி கெட்டவரும் இல்லை. கடன் சொன்னவனுக்கும் காபி கொடுத்தவர். ஆராதனைக்கு வந்து கையில் காசில்லாமல் நின்ற பாட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டவர் என்று ஊரே சொல்லும். அங்கே அடுப்படியில் வெந்தவர்களும் பரிமாறியவர்களும் வயிற்றுப் பிழைப்புக்கு ஊர்விட்டு ஊர் வந்த ஏழைப் பிராமணப் பிள்ளைகள். ராத்திரி கடை அடைத்ததும் அந்த மேஜைகள் மேலேயே துண்டை விரித்துப் படுப்பார்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ரவா தோசையையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். தின்றிருக்கிறேன், நன்றாக இருக்கும்.

ஆனால் "ஊரே ஒரு குடும்பமாக" என்ற வரி இருக்கிறதே, அது பொய்.

என் அப்பா காவிரிப் படுகையில் குத்தகைக்கு வாழை போட்டவர். திருவையாற்றுப் பக்கம் வாழைக்குப் பேர்போன மண். விடிவதற்கு முன்னால் இலை அறுத்து, கட்டுக் கட்டாகத் தலையில் வைத்து அந்த ஹோட்டலுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். எந்த வழியாக? கொல்லைப்புறச் சந்து வழியாக. அவர் அறுத்த இலையில் ஊர் சாப்பிடும். அவர் அந்த இலை முன்னால் உட்கார முடியாது. காபி வேண்டுமானால் கொல்லைக் கதவோரம் நிற்க வேண்டும், அவர் கொண்டுபோன செம்பில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். 1940-களில் நடந்தது. அப்பா இதைக் கோபமாகச் சொன்னதில்லை. இலைக்கு நூற்றுக்கு என்ன விலை என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வார். எனக்குத்தான் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

அப்பாவுக்காவது கொல்லைக் கதவு வரை இடம் இருந்தது. அந்த ஹோட்டலுக்கு விறகு பிளந்து போட்டவர் சேரியிலிருந்து வருவார். அவருக்குச் சந்து முனையோடு சரி. கூலியைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள், அவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

"டீச்சர், பிராமணாள் என்பது சாதியைச் சொல்வதில்லை, சைவச் சாப்பாடு என்பதற்கு அடையாளம்" என்று குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைதான். சைவம் என்பதற்குத் தமிழில் 'சைவம்' என்றே ஒரு வார்த்தை இருக்கிறதே, கண்ணு? அசைவக் கடைக்காரர்கள் 'மிலிட்டரி ஹோட்டல்' என்று போட்டார்கள். அதைப் பார்த்தால் உள்ளே கறி கிடைக்கும் என்று தெரியும், யார் உட்காரலாம் என்ற கேள்வி வராது. 'சைவம்' என்று எழுதினால் இலையில் என்ன விழும் என்று தெரியும். 'பிராமணாள்' என்று எழுதினால் இலைக்கு முன்னால் யார் உட்காரலாம், யார் தள்ளி உட்கார வேண்டும் என்று தெரியும். 'இதராள்' என்று இன்னொரு வார்த்தை அதற்கு ஜோடியாக இருந்ததே, அதுவும் சாப்பாட்டு வகையா? இதராள் பொரியல், இதராள் கூட்டு என்று யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா?

ரயில் நிலையங்களிலேயே பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்று சாப்பாட்டு விடுதி பிரிந்திருந்தது. 1941-ல்தான் அது எடுபட்டது. அதே காவிரிக் கரையில், கும்பகோணம் அரசுக் கல்லூரியில், 1943-ல் மாணவர்களுக்குத் தண்ணீர்ப் பானை சாதி பார்த்துத் தனித்தனியாக இருந்தது. அந்தப் பானைச் சண்டையில்தான் திராவிட மாணவர் கழகம் பிறந்தது. அதற்கும் முன்னால், தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவி குருகுலம். வ.வே.சு. ஐயர் நடத்தியது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு போட்டதில் கிளம்பிய தகராறு 1925 வாக்கில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே ஆட்டிவிட்டது. இதெல்லாம் உங்களுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்ததுதான். சாய்ஸில் விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது.

இந்தக் 'பாரம்பரியம்' என்ற பேச்சையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். காபி நமக்குப் பாரம்பரியமா? நம் கொள்ளுப்பாட்டிமார் காலையில் குடித்தது நீராகாரம். காபி ஊருக்குள் வந்தபோது, அது குடியைக் கெடுக்கிறது, பெண்களைக் கெடுக்கிறது என்று பெரியவர்களே பத்திரிகையில் எழுதித் தீர்த்தார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய புத்தகத்துக்கே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றுதான் பெயர். வாங்கிப் படியுங்கள். சோற்றைக் காசுக்கு விற்பதும் அப்படித்தான், புதுசு. வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்தது. அன்னத்தை விற்பதாவது என்று முகம் சுளித்த சமூகம் இது. ரயிலும் கச்சேரியும் உத்தியோகமும் வந்த பிறகு, வெளியூரில் பசித்தவனுக்குச் சோறு விற்க ஆள் வேண்டியிருந்தது, கிளப்புகள் வந்தன. சோறு விற்கக் கூடாது என்ற ஆசாரத்தை வியாபாரத்துக்காக விட்டவர்கள், கூட உட்காரக் கூடாது என்ற ஆசாரத்தை மட்டும் பலகையில் எழுதி மாட்டினார்கள். அதைத்தான் நீங்கள் புராதனம் என்று தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

திருவையாறு என்றால் என்ன ஊர் என்று யோசித்துப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று நாலு பாலம் ஏறி இறங்கி ஐந்தாவதாகக் காவிரி. வெள்ளம் புரண்டபோது சுந்தரருக்கும் சேரமான் பெருமாளுக்கும் இந்த ஆறே விலகி வழிவிட்டது என்று தலபுராணம் சொல்கிறது. அவர்களில் யார் என்ன குலம் என்று ஆறு கேட்கவில்லை. அந்த ஆற்றுத் தண்ணீரில் போட்ட காபிக்குத்தான் இத்தனை கேள்வி.

சங்கீத பூமி என்று பதிவில் நாலு இடத்தில் இருக்கிறது. சரி, சங்கீதத்தையே எடுத்துக்கொள்வோம். தியாகராஜர் 1847-ல் இங்கே சித்தியடைந்தார். சமாதி கவனிப்பாரில்லாமல் புதர் மண்டிக் கிடந்தது. அதை மீட்டு, தன் சொத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பி 1920-களில் கும்பாபிஷேகம் செய்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். அவர் கட்டிய கோயிலில், ஆராதனையில் அவர் பாடலாமா? கூடாது. பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அந்த அம்மாள் அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பிவிடவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாகக் கச்சேரி நடத்தினார். ஏற்கெனவே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஆண்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த ஊரில், பெண்கள் கட்சி என்று மூன்றாவது ஒன்று உருவானது. எல்லாம் ஒன்றாகி, பெண்களும் சேர்ந்து பாடலாம் என்று ஆவதற்கு 1940 வாக்கில் ஆகிவிட்டது. இன்றைக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு "ஆஹா, நம்ம ஊர்" என்கிறீர்களே, அந்தப் பெண் வரிசை அன்றைய பொற்காலம் கொடுத்ததில்லை. அன்றைய ஆட்களோடு சண்டை போட்டு வாங்கியது. 1952-ல் அவர் போனார். தியாகராஜர் சந்நிதிக்கு எதிரேதான் அவருக்கும் சமாதி. வருகிறபோது அங்கேயும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

ஊரில் இருந்த அரசர் கல்லூரியும் அப்படியே. சமஸ்கிருதத்துக்கு மட்டும் என்று இருந்த இடம். ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சாவூர் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த காலத்தில்தான் தமிழுக்கும் அங்கே இடம் வந்தது. தானாக யாரும் கதவைத் திறந்துவிடவில்லை.

இப்போது அந்தப் "போராட்டக்காரர்கள்" விஷயம். 1957 மே மாதம் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் பெரியார் மறியல் ஆரம்பித்தார். பலகையில் இருந்த ஒரே ஒரு வார்த்தைக்காக. மாதக்கணக்கில், தினமும் ஆட்கள் போய்க் கைதானார்கள். ஆயிரம் பேருக்கு மேல். கடைசியில் அந்த வார்த்தை போனது. அதற்கு முன்னும் பின்னுமாக மற்ற ஊர்களிலும் போனது. நம் ஊரிலும் பலகை பரணுக்கு ஏறியது. யாரும் கல்லெறிந்ததாக அப்பா சொல்லவில்லை. முதலாளி தானே ஏணி வைத்துக் கழற்றச் சொன்னாராம்.

அதோடு ருசி போனது என்கிறார்கள். கணக்குப் பார்ப்போமா? பலகை இறங்கிய பிறகும் பல பத்தாண்டுகள் அந்த ஹோட்டல் ஓடியது. நான் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய அன்று அப்பாவை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன், முன்வாசல் வழியாக. கூட்டம் அலைமோதியது. சந்தைக்கு வந்தவன், பஸ் மாற நின்றவன், ஸ்கூல் வாத்தியார், போலீஸ்காரர் என்று எல்லோரும் உள்ளே வந்த பிறகு வியாபாரம் பெருகியதே தவிரக் குறையவில்லை. கடை மூடியது ஏன் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். மாஸ்டருக்கு ஆள் கிடைக்கவில்லை. பிள்ளைகள் படித்து வெளிநாடு போனார்கள். பாகப் பிரிவினையில் இடத்தின் விலை ஹோட்டலின் லாபத்தைவிடப் பெரிதாகிவிட்டது. இதில் போராட்டக்காரன் எங்கே வந்தான்? ஊரை விட்டுப் போனவர்களே ஊரின் ருசி போனதற்கு ஊரில் இருந்தவனைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

என் உறவுகளில் சிலர் இந்த இடத்தில் கைதட்ட ஆரம்பித்திருப்பீர்கள். நிறுத்துங்கள். உங்களுக்கும் இருக்கிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நம் சொந்தக்காரர் ஒருவர் டீக்கடை வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? கீற்றுக் கொட்டகை, முன்னால் பெஞ்சு. பெஞ்சில் உட்காருபவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். சேரி ஆட்களுக்குக் கூரையில் செருகியிருக்கும் கொட்டாங்குச்சி. பிறகு 'நாகரிகம்' வந்து, கொட்டாங்குச்சி போய், தனியாக ஒரு அலுமினிய டம்ளர். குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும், தரையில் குந்தித்தான் குடிக்க வேண்டும். இது 1957-ல் இல்லை. 1970-களில். நான் என் கண்ணால் பார்த்தது. அந்தக் கடையில் பலகை கிடையாது. எழுதிவைக்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லோருக்கும் தெரியும். கொல்லைக் கதவில் செம்போடு நின்ற நம் ஆட்கள், தாங்கள் ஒரு கடை வைத்தபோது அதே செம்பை இன்னொருவர் கையில் கொடுத்தார்கள். "அந்தக் காலம் அப்படி" என்று குடும்பக் குழுவில் எழுதாதீர்கள். அதே காலத்தில்தான் 1955 தீண்டாமைக் குற்றச் சட்டம் அமலில் இருந்தது. கடைக்காரர் செய்தித்தாள் படிப்பவர், அதுவும் சத்தமாகப் படிப்பவர்.

வகுப்பில் அரசியலமைப்புச் சட்டம் நடத்தும்போது 15-வது பிரிவை நான் இரண்டு தடவை படிக்கச் சொல்வேன், ஏன் என்று சிலருக்கு நினைவிருக்கும். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாத இடங்கள் என்று அதன் இரண்டாம் உட்பிரிவு வரிசையாகச் சொல்கிறது. முதலில் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள். அடுத்ததில் கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள். இவ்வளவு பெரிய நாட்டின் அடிப்படைச் சட்டத்தில், இட்லிக் கடையையும் குளிக்கும் படித்துறையையும் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. அதை எழுதியவர்களுக்கு வேலை இல்லாமல் எழுதவில்லை. திருவையாறு மாதிரி ஆற்றங்கரை ஊர்களில் எங்கே எல்லாம் மனிதனை நிறுத்திவைக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் எழுதினார்கள்.

"இப்போது யார் டீச்சர் சாதி பார்க்கிறார்கள், பழையதைக் கிளறாதீர்கள்" என்று வரும். கிளறியது நானா? பரணில் அறுபது வருடத்துக்கு மேல் கிடந்ததை இறக்கி, துடைத்து, பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பது யார்? 2012-ல் ஸ்ரீரங்கத்தில் ஓர் உணவகப் பலகையில் இதே வார்த்தை மறுபடி முளைத்து, தகராறாகி, செய்தியானது. யாரும் பார்ப்பதில்லை என்றால் எதற்கு அந்த வார்த்தைக்கு இன்னும் விலை இருக்கிறது?

சந்திப்புக்கு வரப்போகிறவர்கள் பட்டியலைப் பார்த்தேன். அதில் விறகு பிளந்தவரின் பேரன் இருக்கிறான். நான் பாடம் சொன்ன பிள்ளை, இன்று பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். சந்திப்புக்கு ஐம்பதாயிரம் கொடுத்திருப்பவன். குழுவில் அந்தப் பலகையின் போட்டோவுக்குக் கீழே அவன் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் எழுதுகிற பிள்ளை. நூறு இதயங்களை எண்ணினீர்களே, இந்த ஒரு மௌனத்தை எண்ணினீர்களா? அவன் அந்த வாசலுக்குள் குனிந்து நுழைந்து, இலைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்கிறீர்கள். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருவான். அந்தப் பிள்ளை பலகையைப் படித்துவிட்டு அப்பாவிடம் என்ன கேட்கும்?

உடைத்துப் போடு என்று நான் சொல்லவில்லை. சரித்திர டீச்சர் எந்தப் பழைய பொருளையும் உடைக்கச் சொல்ல மாட்டாள். பள்ளியில் ஒரு வரலாற்று அறை ஏற்பாடு செய்வதாகப் பேச்சு இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் மாட்டுங்கள். பக்கத்தில் அந்த அலுமினிய டம்ளரையும் வையுங்கள். டீக்கடைக்காரர் வீட்டுப் பரணிலும் தேடினால் கிடைக்கும், நம் உறவுகள் கொஞ்சம் ஏணி வைத்துப் பார்க்கட்டும். இரண்டுக்கும் கீழே, எந்த வருடம் வரை இருந்தது, யார் உள்ளே வர முடியாது, யார் எங்கே நின்றார்கள் என்று எழுதுங்கள். அந்த நாலு வரியை நானே எழுதித் தருகிறேன். நாகரத்தினம்மாள் படமும் ஒன்று வாங்கித் தருகிறேன்.

பந்தல் வாசலில் வாழைமரம் கட்டுங்கள், போதும். மெனுவில் அசோகா அல்வா இல்லாததைப் பார்த்தேன். திருவையாற்றில் பந்தி வைத்து அசோகா போடவில்லை என்றால் வெளியூரில் சிரிப்பார்கள். பாசிப்பருப்பை நன்றாகக் குழைய வேகவைக்கச் சொல்லுங்கள். கேசரிப் பவுடரைக் கொட்டிச் சிவப்பாக்க வேண்டாம்.

இந்த மாதக் கடைசிக்குள் பொறுப்பாளர்கள் குழுவில் முடிவைச் சொல்லிவிடுங்கள். பலகை வாசலில்தான் என்றால் நான் வரவில்லை. நான் கொடுத்த இரண்டாயிரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம், காலை டிபன் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச வேண்டும் என்பவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், மத்தியானம் தூங்குவேன். தங்கை மகனே, நீ இன்றைக்கே கூப்பிடு.